லேசர் ஆயுதப் பாடம்: கடலூர் பயிற்சி மையம் ஒன்றின் மாலை வகுப்பு

மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சியளிக்கும் மையம் ஒன்று, பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கென்று தனியாக மாலை வகுப்பு நடத்துகிறது. அதில், லேசரால் ஏவுகணையைத் தடுக்க முடியுமா என்ற பாடத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்; சேரலாமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு பாடமே போதிய சான்று.

2025 ஏப்ரலில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை வீழ்த்திக் காட்டிய பிறகு, இனி எந்த ஏவுகணையும் நம்மை நெருங்காது என்ற நம்பிக்கை மாணவர்களிடம் வேரூன்றியிருந்தது. ஆசிரியர் அதை மறுத்துப் பேசவில்லை. எந்த ஏவுகணை, எவ்வளவு தொலைவு, கதிர் ஒரே இடத்தில் எத்தனை விநாடி விழ வேண்டும் என்று மூன்று கேள்விகளை எழுதிப் போட்டார்.

இருட்டிய பின் எங்களை மஞ்சை நகர் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, யார் கண்ணிலும் படாதபடி தாழ்த்திப் பிடித்த பச்சை லேசர் சுட்டியை ஒரு வெள்ளை அட்டையில் அடித்தார். கைக்கெட்டும் தூரத்தில் மிளகளவு இருந்த புள்ளி, அட்டையை மைதானத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனதும் உள்ளங்கையளவு விரிந்து மங்கியது. பகல் வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழுந்த சூட்டில் அதன் ஓரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு வகுப்பில் கணக்கு. 30 செ.மீ. விட்டமுள்ள ஆடியிலிருந்து புறப்படும் ஒரு மைக்ரோமீட்டர் அலைநீள ஒளி, காற்றே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 5 கிலோமீட்டரில் சுமார் 4 செ.மீ. வட்டமாகவும் 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ 80 செ.மீ. வட்டமாகவும் விரிகிறது, தொலைவு 20 மடங்கானால் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் விழும் திறன் 400-இல் ஒரு பங்காகிவிடுகிறது. ட்ரோனின் மெல்லிய இறக்கைக்குப் போதுமான கதிர், வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்கவே வடிவமைக்கப்பட்ட நெடுந்தூர ஏவுகணையின் வெடிமுனையை ஏன் ஒன்றும் செய்யாது என்பது இதற்குப் பின் விளக்கமின்றியே புரிந்தது.

போயிங் 747 விமானத்தில் வேதிவினையால் கதிரை உண்டாக்கும் லேசரைப் பொருத்தி, 2010 பிப்ரவரியில் மேலெழும் ஏவுகணை ஒன்றை அமெரிக்கா அழித்ததும் பாடத்தில் வந்தது. வென்ற அத்திட்டம் 2011-இல் ஏன் கைவிடப்பட்டது என்பதை அவர் விளக்கிய விதம் மிக நன்று: கதிர் எட்ட வேண்டுமானால் அந்தப் பெரிய விமானம் எதிரியின் ஏவுதளத்தருகே வட்டமிட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் 20 முதல் 30 மடங்கு திறன் வேண்டும் என்பது அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸின் மதிப்பீடு.

குறைகளும் உண்டு. வங்கக் கடலோரத்தில் இருந்துகொண்டு உப்புக் காற்றையும் மழை மேகத்தையும் இரண்டே வாக்கியங்களில் கடந்தது எனக்கு ஏமாற்றம். கதிரைச் சிதறடிப்பதில் இவற்றுக்குள்ள பங்கு தனி வகுப்புக்கே உரியது. அதைவிடப் பெரிய குறை அச்சிட்டுத் தரும் குறிப்பேடு. லேசர் எல்லா வகை ஏவுகணைகளையும் நொடியில் அழிக்கும் என்று, ஆசிரியர் கற்பித்ததற்கு நேர்மாறாக அதில் அச்சாகியிருக்கிறது. வகுப்புக்கு வர இயலாமல் குறிப்பேட்டை மட்டும் வாங்கிப் படிக்கும் வெளியூர் மாணவர்கள் அதையே தேர்வில் எழுதுவார்கள் என்பதால், மையம் அந்தப் பக்கங்களை உடனே மாற்ற வேண்டும்.

கட்டணம் நியாயமானது. பின்வரிசையில் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. சற்று முன்னதாகச் சென்று முன்னிருக்கையில் அமர்வது நல்லது.