நிஸ்ட் அணு நிறமாலைத் தரவுத்தளம்: லாக் ஜிஎஃப் எடுக்க எவ்வளவு நம்பலாம்?

விண்மீன் நிறமாலையில் ஒரு கோட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அதிலிருந்து நேரடியாகத் தனிமத்தின் அளவு கிடைத்துவிடாது. அந்த அணு மேல் ஆற்றல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும் நிகழ்தகவு என்ன என்று பூமியில் ஓர் ஆய்வகம் அளந்திருக்க வேண்டும். அதிலிருந்து கணக்கிட்டு மடக்கையில் எழுதும், கோட்டின் வலிமையைச் சொல்லும் எண்தான் லாக் ஜிஎஃப். மெல்லிய கோட்டில் லாக் ஜிஎஃப் 0.1 பிசகினால் தனிம அளவும் மடக்கையில் 0.1 பிசகும், அதாவது ஏறத்தாழ 25 சதவீதம். இந்தப் பிழையைத் தொலைநோக்கியில் கூடுதல் நேரம் வாங்கிச் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் இலவசமாகத் தரும் அணு நிறமாலைத் தரவுத்தளம் இந்த வேலைக்கு எப்படி உதவுகிறது என்று பார்ப்போம்.

இதன் மிகப் பெரிய பலம், நிகழ்தகவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் துல்லியக் குறி. ‘ஏஏ’ என்றால் பிழை 1 சதவீதத்துக்குள், ‘ஏ’ 3, ‘பி’ 10, ‘சி’ 25, ‘டி’ 50 சதவீதத்துக்குள். ‘இ’ என்றால் 50-க்கும் மேல். இடையில் கூட்டல் குறியோடு வரும் படிகளும் உண்டு. பலரும் லாக் ஜிஎஃப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு இந்தக் குறியை விட்டுவிடுகிறார்கள். ‘டி’ கோட்டையும் ‘பி+’ கோட்டையும் ஒரே எடையில் சராசரி எடுத்தால் விடை கெடாமல் எப்படி இருக்கும்?

அந்தக் குறி எதை அளக்கிறது என்று புரிய, ஆய்வகத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம்பகமான வழி இரண்டு அளவீடுகளின் சேர்க்கை. முதலில் லேசர் துடிப்பால் அணுவைக் குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏற்றி, ஒளிர்வு தேயும் வேகத்திலிருந்து அந்த மட்டத்தின் ஆயுளைக் கணக்கிடுவார்கள். அடுத்து ஹாலோ கேதோடு விளக்கின் (குழல் வடிவ எதிர்மின்வாய்க்குள் அந்தத் தனிமத்தை ஒளிரவைக்கும் விளக்கு) ஒளியை ஃபூரியர் நிறமாலைமானியில் பதிவுசெய்து, அந்த மட்டத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை பங்கு என்று பிரிப்பார்கள். பங்கை ஆயுளால் வகுத்தால் நிகழ்தகவு.

ஆயுளில் 5 சதவீதத் துல்லியம் பெரிய சிரமமில்லை. சிக்கல் பங்கு பிரிப்பதில்தான். விளக்கில் மின்னோட்டம் அதிகமானால், தாழ்ந்த மட்டத்தில் முடியும் வலுவான கோட்டை விளக்கிலுள்ள அணுக்களே திரும்ப விழுங்கிவிடும். அதன் பங்கு குறைந்து, மெல்லிய கோடுகள் இருப்பதைவிட வலுவாகத் தெரியும். பல மின்னோட்டங்களில் பதிவுசெய்து விகிதம் மாறுகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். அகச்சிவப்பில் ஒரு கிளை, அதாவது அதே மட்டத்திலிருந்து கிளம்பும் ஒரு கோடு, விட்டுப்போனாலும் மற்ற எல்லாவற்றின் பங்கும் பொய்யாக ஏறும். ஃபூரியர் கருவி எல்லா அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் பதிவதால், வலுவான கோட்டின் இரைச்சல் நிறமாலை முழுதும் பரவி மெல்லிய கிளைகளை மூழ்கடிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு இதற்காகவே, கீற்றணியால் ஒளியைப் பிரிக்கும் 3 மீட்டர் குவியத் தூர எஷெல் நிறமாலைமானியைக் கட்டியது. விண்மீன் ஆய்வுக்கு மிகவும் வேண்டிய மெல்லிய கோடுகளே ‘சி’, ‘டி’ என்று கீழே நிற்பதற்கு இவையெல்லாம் காரணம்.

தளத்தைச் சோதிக்க சோடியத்தின் 5889.95 ஆங்ஸ்ட்ராம் கோடு நல்லது. மேல்மட்டத்திலிருந்து வேறு கிளை இல்லை. ஆயுள் சுமார் 16.25 நானோவினாடி. தளம் தரும் நிகழ்தகவு வினாடிக்கு 6.16 × 10⁷, மேல்மட்டத்தின் எடை (அதில் அடங்கிய நிலைகளின் எண்ணிக்கை) 4. ஆங்ஸ்ட்ராமில் அலைநீளத்தின் இருபடியை 1.4992 × 10⁻¹⁶-ஆல் பெருக்கி, அதோடு இவ்விரண்டையும் பெருக்கினால் 1.28, அதன் மடக்கை 0.108. உங்கள் நிரலில் இந்த எண் வரவில்லையென்றால் எடையைக் கீழ்மட்டத்திலிருந்து எடுத்திருப்பீர்கள், அல்லது நானோமீட்டரையும் ஆங்ஸ்ட்ராமையும் கலந்திருப்பீர்கள்.

குறைகளும் உண்டு. வழக்கமான அமைப்பில் 200 முதல் 2000 நானோமீட்டர் வரை காற்று அலைநீளம், அதற்கு வெளியே வெற்றிட அலைநீளம் என்று வருகிறது. கவனிக்காமல் கலந்தால் மஞ்சள் பகுதியில் 1.6 ஆங்ஸ்ட்ராம் நகரும். திசைவேகக் கணக்கில் வினாடிக்கு 83 கிலோமீட்டர்! சி.எஸ்.வி. கோப்பில் ஒவ்வொரு எண்ணும் சமக்குறி, மேற்கோளோடு வருவதால் நிரல் அதை எண்ணாகவே ஏற்காது. டேப் பிரித்த கோப்பை எடுப்பது எளிது, ஆனால் ஆற்றல் மட்டங்களில் ஒட்டியிருக்கும் அடைப்புக்குறிகளை நீக்க மறக்கக்கூடாது. ‘ஒப்பீட்டு ஒளிச்செறிவு’ நெடுவரிசையை அளவீட்டுக்குத் தொடவே வேண்டாம். அது வெவ்வேறு மூலங்களிலிருந்து, வெவ்வேறு அளவுகோல்களில் வருவது. மாங்கனீசு, கோபால்ட் போன்றவற்றுக்கு வேண்டிய மீநுண் பிளவும் (அணுக்கருவின் தாக்கத்தால் ஒரு கோடு பல நுண்கோடுகளாகப் பிரிவது) பொதுவாக இங்கே கிடைக்காது.

புதிய அளவீடுகள் மதிப்பீடு முடிந்த பிறகே சேர்வதால் தாமதமாகிறது. எனவே நிஸ்டின் தனி நூற்பட்டியல் தளத்தில் அந்தத் தனிமத்தைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். ஒரு கோட்டின் எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆக்சிஜனின் 6300.30 ஆங்ஸ்ட்ராம் கோட்டைச் சொல்லலாம். சூரியனில் அதன் மேல் ஒரு நிக்கல் கோடு படிந்திருக்கிறது. அந்த நிக்கலின் லாக் ஜிஎஃப் −2.11 என்று 2003-ல் ஆய்வக அளவீடு சொன்னது. நிக்கலுக்கு எவ்வளவு கழிக்கிறோமோ அதைப் பொறுத்தே சூரியனின் ஆக்சிஜன் அளவு.

விண்மீன் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இன்னொரு கோட்டுத் தரவுத்தளமான வால்ட்டோடு ஒப்பிட்டால்? பதிவுசெய்துகொண்டால் அதுவும் இலவசம். வெப்பநிலையைக் கொடுத்தால் அந்த விண்மீனில் தெரியக்கூடிய கோடுகளை மட்டும் பிரித்து அனுப்பும். மீநுண் பிளவும் கிடைக்கும். முழு நிறமாலையை உருவாக்க வால்ட்தான் சரி. ஆனால் அதில் ஆய்வக எண்ணும் கோட்பாட்டுக் கணக்கின் எண்ணும் அடுத்தடுத்து நிற்கும். மூலக் குறிப்பைப் படிக்காமல் பிரித்தறிய முடியாது. தனிம அளவுக்கு முப்பது நல்ல கோடுகளைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட்டையே பரிந்துரைப்போம். ‘டி’யும் ‘இ’யும் மட்டுமே கிடைத்தால், விண்மீன் சூரியனை ஒத்ததாக இருக்கும் பட்சத்தில், அதே கோட்டைச் சூரிய நிறமாலையிலும் அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள், லாக் ஜிஎஃப் அதில் அடிபட்டுப் போகும்.