கால் நிற்காத சைக்கிள்: சிங்கப்பூரில் ஒரு ஃபிக்ஸியோடு சில வருடங்கள்

முதலில் வண்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். குரோமோலி எஃகு ஃபிரேம், 700சி சக்கரம், முன்னால் 48 பல், பின்னால் 17 பல், ஒரே கியர். பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் திருகி, அது கழலாமல் பிடிக்க மேலே லாக்ரிங் என்ற வளையம் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், இப்படிப்பட்ட வண்டியைத்தான் ஃபிக்ஸி என்கிறோம். இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டே போகிற வேலை இதில் நடக்காது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு கைபிரேக். கொரோனாவுக்கு முந்தைய வருடம் வாங்கினேன். வீடு ஹவ்காங், வேலை பாய லேபார். மழை கொட்டாத நாட்களில் போக்குவரத்து இதில்தான். வார இறுதி இரவுகளில் கிழக்குக் கடற்கரைப் பூங்கா.

புது வண்டியின் பளபளப்பைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். டயர் தேய்ந்து, செயின் மாறி, ஃபிரேமில் கீறல் விழுந்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: இவ்வளவு ஓட்டிய பிறகும் வேறு சைக்கிள் வாங்கத் தோன்றவில்லை.

நாளாக ஆக நம்மிடம் மாறுவது கண். சாதாரண சைக்கிளில் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் மிதிப்பதை விட்டுவிட்டு உருண்டு போய் நிற்கலாம். இதில் உருளவே முடியாது என்பதால், அப்பர் பாய லேபார் சாலையில் இரண்டு சிக்னல் தள்ளி என்ன நடக்கிறது என்று இங்கிருந்தே பார்க்கப் பழகிவிடுகிறோம். நிறுத்தத்தில் நிற்கிற பேருந்து எப்போது கிளம்பும், டாக்சியின் பின்கதவு திறக்குமா, அந்தப் பாட்டி கடக்கப் போகிறாரா என்றெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு, காலின் அழுத்தத்தை மெல்லக் குறைத்து, பெடலின் வேகத்தைப் பின்பக்கமாகத் தாங்கி வேகத்தை இறக்க வேண்டும். பழகிவிட்டால் பிரேக்கைத் தொடாமலே சிக்னல் பச்சையாகும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். காலை நேர நெரிசலில் அந்த ஓட்டம் தரும் நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்கப்போகிறவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். 48-ஐ 17-ஆல் வகுத்தால் 2.82. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஆறு மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 32 கிலோமீட்டர். சிங்கப்பூர் பெரும்பாலும் சமதளம், தீவிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான். அதனால் அன்றாடத்துக்கு இந்த விகிதம் கச்சிதம். மவுண்ட் ஃபேபர் மாதிரி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடலாம். இறங்குவதுதான் கஷ்டம். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் வந்தால் கால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 சுற்று சுற்றியாக வேண்டும். இடுப்பு சீட்டில் குதிக்க ஆரம்பிக்கும். அங்கே முன்பிரேக்கை லேசாகப் பிடித்தபடிதான் இறங்குவேன்.

48-க்கு 16 போடலாமே, வேகம் கூடுமே என்று பலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் டயர் பாவம். பின்சக்கரத்தைக் காலால் பூட்டி இழுப்பதை ஸ்கிட் என்போம். ஸ்கிட் செய்யும்போது பெடல் மாட்டிய தண்டான கிராங்க் எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கும். 48/16 என்பது சுருக்கினால் 3/1. அதாவது ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் ரோட்டில் உரசும். கொஞ்ச நாளிலேயே அந்த ஒரு இடத்தில் நூல் தெரியும். 48/17-ஐச் சுருக்க முடியாது என்பதால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். 46/16 என்றால் 23/8, எட்டு இடம். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் இந்த வகுத்தல் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். என் பின்டயர் நன்றாக உழைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த 17 பல். மீதிப் பாதி, நான் 28 எம்எம் கேட்டர்ஸ்கின் டயர் போட்டது. அது கொஞ்சம் கனம், ஆனால் கட்டுமான இடங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் கம்பித் துண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கிறது.

பஞ்சர் இங்கே சின்ன விஷயம் இல்லை. எம்ஆர்டியில் மடிப்பு சைக்கிள்தான் ஏற்றலாம். துவாஸ் பக்கம் போய் டயர் போனால் ரயிலில் திரும்ப முடியாது. பின்சக்கரத்துக்கு நெம்புகோல் கிடையாது, நட்டுதான். எனவே 15 எம்எம் ஸ்பேனர் இல்லாமல் நான் புளோக்கை விட்டு இறங்குவதே இல்லை. ஸ்பேனர், ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்னப் பம்ப். இவ்வளவும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் அடங்கிவிடும்.

அடுத்து பிரேக். 2022 பிப்ரவரி 21 முதல் இங்கே எந்த சைக்கிளிலும் வேலை செய்யும் கைபிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தைய வருடம் பாசிர் ரிஸ்ஸில் பிரேக் இல்லாத ஃபிக்ஸி ஓட்டிய 13 வயதுப் பெண்பிள்ளை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து விழுந்து இறந்துபோனாள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஃபிக்ஸிக் கூட்டத்தில் யாருக்கும் பேச்சே வரவில்லை. பிரேக் இல்லாத வண்டிதான் அழகு என்று சொல்லித் திரிந்த தம்பிகள் சிலர் மறுநாளே பிரேக் மாட்டத் துளை போட்ட ஃபோர்க் தேடிப் போனார்கள்.

நான் வாங்கிய நாளிலேயே பிரேக் போட்டுக்கொண்டேன், இன்றும் அதையே சொல்வேன். காரணம் இதுதான்: பின்சக்கரத்தைப் பூட்டும்போது உடம்பின் எடை முன்னால் போய்விடுகிறது, பின்டயரில் பிடிப்பே மிஞ்சுவதில்லை. ஸ்கிட் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நிற்க எடுக்கும் தூரம் முன்பிரேக்கைவிட மிக அதிகம். டிசம்பர், ஜனவரி மழையில் ரோடு நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, பிரேக் போட்டால் மட்டும் போதாது. நிறம் பூசிய உயரமான ரிம்களில் பல, பிரேக் கட்டை உரசுவதற்கென்று பக்கவாட்டில் வழவழப்பாகக் கடைந்திருக்காது. அதில் பிரேக் பிடித்தால் நிறம் உரியும், மழையில் வழுக்கும். முன்சக்கரத்துக்காவது கடைந்த வெள்ளி ரிம் கேட்டு வாங்குங்கள். அழகு குறையும் என்று நினைக்காதீர்கள், அப்புறம் பழகிவிடும்.

பராமரிப்பு மிகக் குறைவு என்று சொல்லித்தான் ஃபிக்ஸியை விற்பார்கள். கியர் மாற்றும் டீரெய்லர் இல்லை, அதற்கான கேபிள் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இருக்கும் அந்த ஒரு செயினை ஏனோதானோவென்று விட முடியாது. ஓடும்போது செயின் கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். பூட்டாவிட்டாலும் காலால் வேகம் குறைக்கும் வழி போய்விடும். ஞாயிறு காலையில் நான் செய்வது இது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்கை மெல்லச் சுற்றுவேன். முன்பக்கப் பல்சக்கரமான செயின்வீல் எதுவும் முழு வட்டமாக அமைவதில்லை, சுற்றில் ஓரிடத்தில் செயின் விறைக்கும், எதிர்ப்பக்கம் தளரும். விறைப்பான இடம் வரும்போது நிறுத்தி, செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பேன். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே ஆடினால் சரி. அதற்கு மேல் தளர்ந்தால் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து வலது நட்டை லேசாக இறுக்கி, அப்புறம் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து இடது நட்டை இறுக்குவேன். சக்கரம் அப்படியே கொஞ்சம் பின்னால் நகர்ந்து நிற்கும். கடைசியாக இரண்டையும் முழு பலத்தோடு முறுக்க வேண்டும். ரொம்ப விறைப்பாக வைத்தால் பேரிங் கரகரக்கும், மிதிக்கும்போது தொடையில் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே துணியால் செயினைத் துடைக்காதீர்கள். மிதிக்காமலே உருளும் ஃப்ரீவீல் வண்டியில் துணி மாட்டினால் இழுத்து எடுத்துவிடலாம். இதில் சக்கரத்தின் மொத்த வேகமும் பல்லில் இருக்கிறது, விரல் நுனியை எடுத்துவிடும். நிறுத்தித் துடைத்து, கொஞ்சம் சுற்றி, மறுபடி நிறுத்தித் துடையுங்கள். ஷூ கயிறையும் கால்சட்டை விளிம்பையும் உள்ளே செருகுங்கள். பொங்கலுக்குக் கோயிலுக்கு வேட்டியில் போகும் நாளில் நான் பேருந்து ஏறிவிடுவேன்.

எது தாங்கியது, எது தாங்கவில்லை? ஃபிரேம், ஹப், 165 எம்எம் கிராங்க் எல்லாம் வாங்கியபடியே இருக்கின்றன. கிராங்க் குட்டையாக இருப்பது வளைவில் பெடல் தரையில் தட்டாமல் இருக்க உதவும், வளைவிலும் கால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும் அல்லவா. முதலில் வந்த மலிவுச் செயின் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்தது. இப்போது 1/8 அங்குல இசுமி செயின், செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோலில் 0.75 காட்டினால் மாற்றிவிடுவேன். பெடலில் பிளாஸ்டிக் கூடு மாட்டிய ஸ்ட்ராப் வியர்வையில் விறைத்து வெடித்துவிட்டது, அகலமான துணி ஸ்ட்ராப்புக்கு மாறினேன். லாக்ரிங் பற்றி ஒரு எச்சரிக்கை: அதன் மரை இடதுகை மரை, அதற்கென்று உள்ள கொக்கி ஸ்பேனர் போட்டுத்தான் இறுக்க வேண்டும். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துத் தட்டிய கடையொன்றில் நண்பருடைய ஹப்பின் மரையே போனது. சக்கரத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

இதுவரை சொன்னது வண்டி. அதைச் சுற்றி இருக்கும் மனிதர்களும் இந்த அனுபவத்தில் சேர்த்தி. 2020-இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு அடைந்து கிடந்ததே, அதற்கப்புறம் கடைகளில் சைக்கிளே கிடைக்கவில்லை. அந்த அலையில் ஃபிக்ஸிக்காரர்களும் பெருகினார்கள். பெடோக் ஜெட்டியில் தூண்டில் போடுபவர்களுக்குப் பின்னால் வண்டிகளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் மலாய்த் தம்பிகள், சில சீன நண்பர்கள், எங்களைப் போல இரண்டு மூன்று தமிழர்கள். ஒருவர் ஜப்பானிலிருந்து பழைய கெய்ரின் ஃபிரேம் வரவழைத்திருக்கிறார், அந்தப் பந்தய வண்டிகளுக்கான என்ஜேஎஸ் தர முத்திரை குத்தியது. கெய்ரின் என்ற ஜப்பானிய சைக்கிள் பந்தயம் 1948-இல் கொக்குராவில் தொடங்கியது, இன்றும் ஆண்கள் கெய்ரினில் வீரர்கள் அந்த முத்திரை பெற்ற எஃகு வண்டியில்தான் ஓட்டுகிறார்கள். அவர் அந்த ஃபிரேமின் மூட்டுகளை டார்ச் அடித்துக் காட்டும்போது நாங்கள் எல்லோரும் குனிந்து பார்ப்போம்.

நோன்பு மாதத்தில் கூட்டம் தாமதமாகத்தான் சேரும். தராவீஹ் தொழுகை முடிந்து பசங்க வருவார்கள், கேலாங் சிராய் சந்தைவரை மெதுவாக ஒரு சுற்று. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நான் அழைத்துப் போவேன், கடை மூடியபின் சிராங்கூன் சாலை விளக்குகளின் கீழே. சாலையில் ஒரு வரிசைக்கு ஐந்து சைக்கிள் என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருப்பதால் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து போகிறோம். பகிர்வுப் பாதையில் வேக வரம்பு 25, நடைபாதையில் 10. பத்தில் ஃபிக்ஸி ஓட்டுவது கையும் காலும் சேர்ந்து செய்யும் வேலை, ஆனால் முடியும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இறங்கித் தள்ளுவதே மரியாதை.

புளோக்கிலும் இந்த வண்டிக்கு ஒரு அறிமுகம் கிடைத்துவிட்டது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் சுவரில் கொக்கி போட்டு நிமிர்த்தி மாட்டியிருக்கிறேன். வேலையிடத்துக் காவலாளி அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கம், முதல் தடவை குனிந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பின்னாடி பிரேக்கையே காணோம்?" என்றார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிக் காட்டினேன். முன்னால் சுற்றினால் முன்னால் ஓடியது, பின்னால் சுற்றினால் பின்னால். அவர் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸும் போவுதே!" என்று சிரித்தார். அதற்கப்புறம் மழை வரும்போல் இருந்தால் என் வண்டியை அவரே கூரைக்கு அடியில் நகர்த்தி வைத்துவிடுகிறார்.

முட்டி வலி வருமா என்று கேட்பவர்களுக்கு: கனமான கியர் போட்டு, நின்ற இடத்திலிருந்து முரட்டுத்தனமாகக் கிளப்பினால் வரும். பின்பக்கமாகத் தாங்குவதை மட்டுமே பிரேக்காக வைத்துக்கொண்டாலும் வரும். எனக்கு வரவில்லை, பிரேக்கும் 17 பல்லும் காரணம் என்று நம்புகிறேன். ஏற்கெனவே முட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் இருபுற ஹப் வாங்கி, ஒரு பக்கம் ஃப்ரீவீல் போட்டு ஆரம்பிக்கலாம். அப்படி ஓட்டுவதென்றால் பின்பிரேக்கும் கட்டாயம் போடுங்கள். தினமும் பிள்ளையை ஏற்றிக்கொண்டோ, காய்கறி மூட்டையோடோ போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இப்போது செயின்வீலின் பற்கள் கூர்ந்து, ஒருபக்கம் சாயத் தொடங்கிவிட்டன. செயினோடு சேர்த்து மாற்றுகிற நேரம். இந்தத் தடவை 48-க்குப் பதில் 47 பல் போடலாம் என்றிருக்கிறேன். வேகத்தில் வித்தியாசம் தெரியாது. 47 ஒற்றைப்படை என்பதால், இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஸ்கிட் செய்தால் டயர் தேயும் இடங்கள் 34 ஆகும். இடது காலை முன்வைத்து ஸ்கிட் செய்வது எனக்கு இன்னும் கைவரவில்லை. ஜெட்டியில் ஒரு தம்பி சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறான், செயின்வீல் வந்ததும் ஆரம்பிக்க வேண்டும்.