மறைப்புக்கு அரக்கேரியா வாங்கப் போகிறீர்களா? உஷார்

எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம். பின்வீட்டில் மாடி எழும்பியதால் காம்பவுண்ட் ஓரமாக மறைப்பு தேவைப்பட்டது. ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில் கேட்டோம். "அரக்கேரியா வைங்க சார். நெருக்கி நட்டு உச்சியை வெட்டி விட்டா சுவர் மாதிரி அடைச்சுக்கும்" என்றார் உரிமையாளர். கிறிஸ்துமஸ் மரம் என்போமே, அதுதான். நட்டது அவர் ஆள். அப்புறம் வந்து உச்சியை வெட்டியதும் அவர் ஆள்தான்.

அந்த மரத்தின் குணமே வேறு. கிளைகள் தட்டுத் தட்டாக விரியும்; தட்டுக்குத் தட்டு நடுவே வெளிச்சம் தெரியும். தனியாக, நல்ல இடம் விட்டு நட்டால் அழகு. வரிசையாக நெருக்கினால் வெயில் படாத அடிக்கிளைகள் காய்ந்து உதிரும், அதாவது நமக்கு மறைப்பு வேண்டிய உயரத்திலேயே. உச்சியை வெட்டியது இன்னும் கொடுமை. பக்கக் கிளை எதுவும் நிமிர்ந்து உச்சியின் இடத்தைப் பிடிக்காது. தண்டில் புதுத் துளிர் வந்தாலும் பழைய வடிவம் திரும்பாது. இன்று எங்கள் வரிசை மொட்டையடித்த குடைகள் போல நிற்கிறது. பின்வீட்டு மாடியிலிருந்து எங்கள் துணிக்கொடி பளிச்சென்று தெரிகிறது!

சில செடிகள் செத்தே போயின. அவற்றைப் பிடுங்கினால், கெட்டியான களிமண் உருண்டைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடந்தது. போனில் கேட்டதற்கு "உங்க போர் தண்ணி உப்பு சார்" என்றார் நர்சரிக்காரர். வாங்கும்போது தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரக்கேரியா போல ஊசியிலை இனம்தான் வேண்டும் என்றால் மோர்பங்கி என்று விற்கும் தூஜா பரவாயில்லை. அடர்த்தியாக வரும், ஆனால் மெதுவாக. இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அதுவும் துளிர்க்காது. வெளிநாட்டு வீடியோக்களில் வேலிக்குக் காட்டும் லேலண்ட் சைப்ரஸ் குளிர்ந்த ஊர்களுக்கானது; கிருஷ்ணகிரி வெயிலுக்கு வேண்டாம். உயரமான மறைப்புக்கு நெட்டிலிங்கம் போதும். ஊசியிலை மரம் இல்லைதான், ஆனால் வேலை நடக்கும்.

வாங்குமுன் ஒரு செடியையாவது கவரைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு நர்சரி பாருங்கள். பில்லில் செடியின் பெயரோடு 'வேலி மறைப்புக்கு' என்றும் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் 'அலங்காரச் செடி' என்றுதான் இருக்கிறது, அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன்.