அப்பனைப் போலவே பிள்ளை: தர்மபுரியில் ஓர் ஓ.பி. சீட்டு

மூன்று வாரப் பயணம். கல்யாண வீடு, ஒகேனக்கல், மாம்பழம் எல்லாம் நல்லபடி முடிந்தது, அதை விடுங்கள். எழுத வந்தது ஒரு சுழல் நாற்காலியைப் பற்றி.

டாலஸில் மகனுடைய பள்ளி, வருடக் கடைசியில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியது. ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொன்னது காதில் ஏறுவதில்லை, ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) இருக்கிறதா பாருங்கள் என்று. அங்கே டாக்டர் தேதி கிடைத்தது அக்டோபரில். ஊரில் மறுநாளே பார்த்துவிடலாமே என்ற திமிர் எனக்கு.

மறுநாளே பார்த்தோம். தனியார் கிளினிக், டோக்கன் 41. இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த, ஏழு வயது நிரம்பாத பையன் சுழல் நாற்காலியைக் கண்டால் என்ன செய்வான்? சுற்றினான். டாக்டர் பேனாவை எடுத்தார். "ஹைப்பர் ஆக்டிவ். ஈ.ஈ.ஜி. எடுத்துட்டு வாங்க." ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை அது; வலிப்புச் சந்தேகம் என்றால் சரி. ஏ.டி.எச்.டி.யைக் காட்டித்தர ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. டாலஸாக இருந்தால் கேட்டிருப்பேன். மாமா பையன் சொல்லி வாங்கிய டோக்கன், வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டோவில் அம்மா ஓயவில்லை. "கொழந்தைக்கு என்னடா வியாதி? நீயும் இப்படித்தான் வாலா இருந்த." அவர் பிடிவாதத்தில்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கும் கதை உங்களுக்குத் தெரிந்ததே.

மின்விசிறி கடகடக்கும் அறையில் கவுன்சிலிங் மேடம். முதல் கேள்வியே, "பொறந்த தேதி?"

ஆகஸ்ட் 24.

"அப்ப கிளாஸ்லயே இவன்தான் சின்னவனா?"

செப்டம்பர் 1-ஐ வைத்து வயது பார்க்கும் டெக்சாஸில், ஆமாம். பக்கத்து பெஞ்சுக்காரன் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். இப்படிச் சேர்க்கும் அமெரிக்க மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்குச் சுமார் 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைக்கிறார்கள் என்று 2018-இல் ஆய்வே வந்தது. படித்தவன்தான் நான். என் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"ஸ்கூல்ல மட்டும்னா பத்தாது சார். வீட்லயும் இருக்கணும், ஆறு மாசமாவது நீடிக்கணும். டீச்சர் எழுதித் தரணும்." டாலஸ் பள்ளிக்கோ விடுமுறை. மூன்று வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று வந்தவனுக்கு, இப்போது சொல்ல முடியாது என்பதுதான் பதில். எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது.

அம்மா குறுக்கே புகுந்தார். "குணம்தானேம்மா? அவங்கப்பன் அச்சு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல வேளை சொன்னீங்க. இது குடும்பத்துல வர்றதுதான். சார், ஸ்கூல்ல நீங்க எப்படி?"

நான் யோசிப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார். தொலைத்த ஜியாமெட்ரி பாக்ஸ்கள், மரத்திலிருந்து விழுந்து உடைந்த கை, பாலக்கோட்டில் இறங்க மறந்து ராயக்கோட்டை வரை போனது. முப்பது வருடமாக வாலுத்தனம் என்று சிரித்த கதையெல்லாம் நோட்டில் ஏறியது. முழுசாக இருபது நிமிடம். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"டீச்சர் ஃபாரம் வந்ததும் அனுப்புங்க. சாருக்கும் ஒண்ணு தரட்டுமா?"

சிரித்துச் சமாளித்து வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறியபிறகுதான் ஓ.பி. சீட்டைப் பெஞ்சிலேயே விட்டது தெரிந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தவன் பையன்.