கோர்ட்டுக்குப் போகிற ஆடியோவைக் கடையில் ‘கிளீன்’ பண்ணக் கொடுக்காதீர்கள்

கடன் வாங்கியவர் “ஆமா, நாலு லட்சம் தரணும்” என்று போனில் ஒப்புக்கொண்ட பதிவு கையில் இருக்கிறது. கோர்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு இரைச்சலை நீக்கி, ‘தேவையில்லாத’ பேச்சை வெட்டி, பென் டிரைவில் போட்டு, ‘65பி சர்டிபிகேட்’ (மின்னணு ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சான்றிதழ்) ஒன்றும் அச்சடித்துத் தருகிறார்கள். அதை நம்பிப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இரண்டு கேள்வி போதும்: அசல் போன் எங்கே? வெட்டிய பகுதியில் என்ன இருந்தது?

சொல்லாமல் பதிவு செய்ததால் மட்டும் சாட்சியம் தள்ளுபடியாவதில்லை. பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதத்தோடு எடுத்த பதிவை உச்ச நீதிமன்றம் 1972-லேயே மல்கானி வழக்கில் ஏற்றது. கணவன் மனைவி வழக்கிலும் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சொன்னது. ஆனால் இதெல்லாம் நீங்கள் பேசிய பேச்சுக்குத்தான். அடுத்தவர்கள் தமக்குள் பேசுவதை ‘எடுத்துத் தருகிறோம்’ என்கிற டிடெக்டிவ்களிடம் போகவே வேண்டாம். சட்டவிரோத இடைமறிப்புக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். பணம் கொடுத்தவரையும் வழக்கில் சேர்க்கலாம்.

65பி பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குத்தான் பழையது. புதிய படிவத்தில் பகுதி ஏ-யைப் போன் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும்: மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண் (*#06# அழுத்தினால் வரும்), கோப்பின் ஹாஷ் மதிப்பு. பகுதி பி நிபுணருக்கு. போனைக் கண்ணால் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடுகிற ஆளைக் கூண்டில் ஏற்றினால் உங்கள் வழக்கும் சேர்ந்து இறங்கும்.

ஹாஷ்தான் கடைக்காரர் சொல்லாத சமாச்சாரம். எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு கோப்புக்கு 64 எழுத்து, எண் கொண்ட கைரேகை கிடைக்கும். ஒரு நொடியை வெட்டினாலும், இரைச்சலை நீக்கினாலும், எம்பி3 ஆக்கினாலும் அது முழுக்க மாறிவிடும். ஆகவே கோப்பைக் கேபிள் வழியாக அப்படியே நகலெடுத்து, அன்றைக்கே ஹாஷ் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்தால் பெயரும் தேதியும் மாறும். தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் சுத்தம் செய்த நகலைத் தனியாகக் கொடுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

அசல் போனையே அதன் உரிமையாளர் கூண்டில் நின்று காட்டினால் சான்றிதழே தேவையில்லை என்பது அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் தந்த தீர்ப்பு. இப்போது கூகுள் போன் ஆப்பிலும் ஐபோனிலும் பதிவாவதை அறிவிப்புக் குரல் சொல்லிவிடுகிறது. அதனால் பலர் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பிடிக்கிறார்கள். அப்போது அந்த இரண்டாவது போன்தான் அசல். மகனுடைய போனாக இருந்தால் சாட்சி சொல்ல மகன் வர வேண்டியிருக்கும்.

“என் குரலே இல்லை” என்று எதிராளி மறுத்தால், குற்ற வழக்கில் மாஜிஸ்திரேட் உத்தரவோடு குரல் மாதிரி எடுக்க வழி உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க முழுப் பதிவும் வேண்டும்.

ஏற்கெனவே கடைச் சான்றிதழ் வாங்கியிருந்தால் தாக்கல் செய்யுமுன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். விசாரணை முடிவதற்குள் கோர்ட் அனுமதித்தால் சரியான சான்றிதழைப் பிறகும் கொடுக்கலாம், போன் மட்டும் கையில் இருந்தால்.