விஇ 301: நாஜி அரசின் 76 மார்க் ரேடியோ

இந்த வால்வு ரேடியோவைப் பற்றி ஒரு கட்டுக்கதை ஓயாமல் சுற்றுகிறது: வெளிநாட்டு நிலையங்கள் கேட்காதபடி திட்டமிட்டே செய்தார்கள் என்று. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. வெளிநாட்டு நிலையங்கள் எளிதில் கேட்காமல் போனது மலிவாகச் செய்ததன் விளைவுதான். மீதியைச் சட்டம் பார்த்துக்கொண்டது.

1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம். விஇ என்பது ‘மக்கள் ரேடியோ’ என்ற ஜெர்மன் பெயரின் சுருக்கம். ஹிட்லர் சான்சலரான ஜனவரி 30-ஐக் (30/1) குறிப்பதுதான் 301. கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம் முன்நின்றது. ஒரே வடிவமைப்பைப் பல கம்பெனிகள் ஒரே விலைக்குச் செய்தன. தவணையும் உண்டு. மாதம் 2 மார்க் உரிமக் கட்டணம் தனி. 1933 தொடக்கத்தில் 50 லட்சத்தைத் தொடாத உரிமங்கள் போருக்குள் ஒரு கோடியைத் தாண்டின.

ஏசி மாடலில் மூன்றே வால்வுகள். அதிலும் ஒன்று ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர். மீடியம் வேவ், லாங் வேவ் உண்டு, ஷார்ட்வேவ் கிடையாது. நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ட்யூனிங் சர்க்யூட் ஒன்றே ஒன்று, அதனால் அருகிலுள்ள பலமான நிலையம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். சிக்னலைத் திருப்பி ஊட்டி வலுவாக்கும் ஃபீட்பேக் குமிழை ஊளைச் சத்தம் எழுவதற்குச் சற்று முன்பு நிறுத்தினால் உணர்திறன் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் செட்டே ஒலிபரப்பத் தொடங்கி, பக்கத்து வீட்டு ரேடியோவையும் ஊளையிட வைக்கும். வெளியே நீளமான ஏரியல் கட்டினால் இரவில் வெளிநாட்டு மீடியம் வேவ் நிலையங்கள் வரவே செய்தன. அதனால்தான் 1939 செப்டம்பரில் அவற்றைக் கேட்பதே குற்றம் என்று சட்டம் போட்டு, குமிழில் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டியிருந்தது. கேட்ட செய்தியைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். யூதர்களிடமிருந்து ரேடியோவையே பறித்துக்கொண்டார்கள்.

இன்று வாங்குபவர்கள் முதலில் ஸ்பீக்கர் காயிலை ஓம் மீட்டரில் சோதியுங்கள். முடி போன்ற அந்தக் கம்பி வழியாகத்தான் ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வின் ஆனோட் (நேர்முனை) மின்சாரம் போகிறது. அது அறுந்திருந்தால் சத்தம் வராது. வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பிவலை சூடேறி வால்வும் போய்விடும். அடுத்தது, சில மாடல்களில் கடைசி வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) போகும் பேப்பர் கண்டென்ஸர். இத்தனை வருடத்தில் அது கசியாமல் இருக்காது. கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி வால்வைத் தின்றுவிடும். மாற்றாமல் பிளக்கைச் செருகாதீர்கள். முதல் முறை மின்சாரம் மட்டுப்பட, ரேடியோவோடு குண்டு பல்பைத் தொடரில் போட்டு இயக்குவது நல்லது.

1938-இல் 35 மார்க்குக்கு வந்த டிகேஇ 38 என்ற சின்ன ரேடியோ இன்னும் மலிவு, அதைவிட ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் பிளக்கைத் திருப்பிப் போட்டால் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே மெயின் கரண்ட் நிற்கும். மெயினிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்கவே கூடாது. அதன் விசிஎல் 11 வால்வுக்குத் தட்டுப்பாடு. நல்லதாகக் கிடைத்தாலும் விலை கடிக்கும்.

முகப்பில் சுவஸ்திகா சுரண்டப்பட்டிருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம். போருக்குப் பிறகு பலரும் அதைச் சுரண்டிவிட்டு அதே ரேடியோவைத்தான் கேட்டார்கள். சின்னம் பளபளவென்று புதிதாக இருந்தால்தான் விற்பவரைக் கேள்வி கேட்க வேண்டும்.