டேப் தேட ஒரு ஷார்ட்கட்: புளியரை லாரி ஆபீசில் பழகிப் பார்த்தது

செங்கோட்டை – புளியரை ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் பாதி வேலை போனில், மீதி பிரவுசரில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, கேரள எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடி போன பிறகு, தாளும் ரப்பர் ஸ்டாம்புமாக நடந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லின் தளம், ஜி.எஸ்.டி. தளம், வண்டியின் எஃப்.சி.யும் (ஓடத் தகுதிச் சான்று) பெர்மிட்டும் பார்க்க வாகன் தளம், பாஸ்டேக் கணக்கு, பேங்க், வாட்ஸ்அப் வெப், மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மலையாளச் செய்தித் தளம், பார்ட்டிகளின் (சரக்கு அனுப்பும் வாடிக்கையாளர்களின்) பில் பி.டி.எஃப். என்று காலையிலேயே பிரவுசரின் மேல் பட்டையில் தளத்துக்கு ஒன்றாக டேப் சேர்ந்துவிடும். மதியத்துக்குள் தலைப்பு எதுவும் தெரியாமல் எல்லாம் நசுங்கி வெறும் ஐகானாகி நிற்கும். அரசுத் தளங்களில் பலவற்றுக்கு அந்த ஐகானும் ஒரே சிங்க முத்திரைதான். எது எந்தத் தளம் என்று கண்ணால் பிரிக்க முடியாது.

இந்த நெரிசலுக்கு குரோமிலேயே ஒரு வழி இருக்கிறது: கண்ட்ரோல்+ஷிப்ட்+ஏ. அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். திறந்திருக்கும் டேப் அத்தனையும் அதில் வரிசையாக, முழுத் தலைப்போடு, கீழே தள முகவரியோடு வரும். இரண்டெழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கும், எண்டர் தட்டினால் அந்த டேப்புக்குப் போய்விடும். டேப் வேறு ஜன்னலில் இருந்தாலும் அந்த ஜன்னலையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். கூகுள் இதை 2020 நவம்பரில் அறிவித்தது. முதலில் கூகுளின் மென்பொருளில் ஓடும் குரோம்புக் லேப்டாப்களுக்கு, பிறகு மற்ற கம்ப்யூட்டர்களுக்கு என்று வந்தது. எட்ஜிலும் இதே கீதான். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இதற்காகவே ஜன்னல் மேல் மூலையில் ஒரு அம்புக்குறி ஐகானும் உண்டு. விண்டோஸில் அது முன்பு வலது மூலையில் இருந்தது, பிறகு இடது மூலைக்கு மாற்றிவிட்டார்கள். மவுஸை நம்பிப் பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். கீ மாறவில்லை.

வசதி நல்லதுதான், ஆனால் அந்த மூன்று கீ கைக்கு ஒத்துவராது. எங்கள் ஆபீசில் வலது கை எப்போதும் போனில் இருக்கும். இடது கையால் மட்டும் அழுத்திப் பாருங்கள்: சுண்டுவிரல் கண்ட்ரோலில், மோதிரவிரல் ஷிப்டில். ஏ எழுத்தும் சுண்டுவிரலின் இடம்தான், அந்த விரலோ கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது. கையைக் கோணலாகத் திருகினால்தான் எட்டும். இப்படி ஒரு வசதி இருப்பது தெரிந்தும் பக்கத்து சீட்டுக்காரர்கள் பயன்படுத்தாமல் விட்டதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். கை தானாகப் போகாத ஷார்ட்கட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

குரோமுக்குள் இந்தக் கீயை மாற்ற செட்டிங்ஸ் இல்லை. எக்ஸ்டென்ஷன்களின் (பிரவுசரில் நாமே கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) கீயை மாற்ற ஒரு பக்கம் இருக்கிறது, ஆனால் குரோமின் சொந்த ஷார்ட்கட்டுகள் அங்கே வராது. அதனால் வெளியிலிருந்து மாற்ற வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ். அதில் கீபோர்டு மேனேஜர் என்று ஒரு பகுதி. ஷார்ட்கட்டை மாற்றும் இடத்தில் ஒரு பக்கம் ஆல்ட்+க்யூ, மறுபக்கம் கண்ட்ரோல்+ஷிப்ட்+ஏ, கடைசிப் பெட்டியில் எந்தச் செயலிக்கு என்று குரோமின் பெயர். அவ்வளவுதான் வேலை. செயலியின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எக்செல், வேர்டு எல்லாவற்றிலும் ஆல்ட்+க்யூ மாறிப்போகும், அங்கே அந்தக் கீக்கு வேறு வேலை இருக்கிறது. பவர்டாய்ஸ் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும் என்பதால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதுவும் தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

ஆல்ட்+க்யூ ஏன் என்றால், கட்டைவிரல் ஆல்ட்டில் இயல்பாகவே கிடக்கும், மேலே ஒரு விரல் நீட்டினால் க்யூ. இடது கை ஒன்றே போதும். அதற்குப் பிறகு அடிக்கும் எழுத்துகளிலும் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஜி, எஸ், டி மூன்றும் கீபோர்டின் இடப்பக்கம். இ-வே பில்லுக்கு இ, டபிள்யூ போதும், இரண்டும் இடப்பக்கம். பாஸ்டேக் என்று ஆங்கிலத்தில் முழுதாக அடித்தாலும் ஒரு எழுத்துகூட வலப்பக்கம் போகாது. பாக்கி இருந்தது எண்டர் கீ மட்டும். அதே பவர்டாய்ஸில் கேப்ஸ் லாக் கீயை எண்டராக மாற்றிவிட்டேன். கேப்ஸ் லாக்கை நம்பி டைப் செய்கிறவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பெரிய எழுத்து தேவைப்பட்டால் ஷிப்ட் இருக்கிறது.

இதன் அருமை தெரிவது வண்டி நடுவழியில் நிற்கும்போதுதான். டிரைவர் கூப்பிடுவார்: “அண்ணே, எஸ் வளைவு ஏத்தத்துல கிளட்ச் போயிருச்சி. பின்னால வந்த நம்ம வண்டிக்கே சரக்க மாத்திரட்டுமா?” மாற்றலாம், ஆனால் அதற்கு முன் அந்த இரண்டாவது வண்டியின் எஃப்.சி.யும் பெர்மிட்டும் கேரளாவுக்குள் போக உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இ-வே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் நம்பரை மாற்ற வேண்டும். மாற்றிய பில்லை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்ப வேண்டும். போனை வைக்காமலே செய்துவிடலாம்: ஆல்ட்+க்யூ, வி ஏ, வாகன். ஆல்ட்+க்யூ, இ டபிள்யூ, பில். அடுத்து வாட்ஸ்அப். டிரைவர் தார்ப்பாய் கயிற்றை அவிழ்ப்பதற்குள் புது பில் அவர் போனில் இருக்கும்.

இங்கே நேரம் சும்மா விஷயம் இல்லை. இ-வே பில்லின் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் அதற்குள் அடங்கிவிடும் என்பதால் எங்கள் சரக்குக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். கெடுவை நீட்டிக்கவேண்டி வந்தால், முடிவதற்கு முந்தைய எட்டு மணி நேரம், முடிந்த பிறகு எட்டு மணி நேரம், அதற்குள் செய்தாக வேண்டும். புதுக் காய்கறிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தீப்பெட்டி, சிமெண்ட், ரப்பர் ஷீட் ஏற்றுகிறவர்களுக்குத்தான். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வண்டி ஒரே நேரத்தில் மாட்டினால், எந்த டேப் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

நாள்பட்ட பயன்பாட்டில்தான் இன்னொரு நுணுக்கம் பிடிபட்டது. பெட்டி திறந்ததும் வரும் வரிசை, கடைசியாகப் பார்த்த டேப் முதலில் என்ற கணக்கில் இருக்கும். இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் டேப்பை அடியில் தள்ளிவிடும். ஆகவே எதுவும் அடிக்காமல் ஆல்ட்+க்யூ, உடனே எண்டர் என்றால் சற்றுமுன் இருந்த டேப்புக்குத் திரும்பலாம். பார்ட்டியின் பில்லைப் பார்த்து எண்களை இ-வே பில் ஃபாரத்தில் நிரப்பும்போது இந்த இரண்டு டேப்புக்கு நடுவில் தறி நாடா மாதிரி போய்வரலாம். இதைவிட அதிகம் நான் பயன்படுத்துவது வேறொன்றும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன, பெரியது தலைப்புச் சிக்கல். இந்தத் தேடல் பார்ப்பது டேப்பின் தலைப்பையும் தளத்தின் பெயரையும் மட்டுமே. பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. நாம் புழங்கும் தளங்கள் சிலவற்றில் உள்ளே எந்தப் பக்கத்துக்குப் போனாலும் தலைப்பு ஒன்றே. நான்கு பில்லை நான்கு டேப்பில் திறந்து வைத்தால், பட்டியலில் நான்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் நிற்கும். இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறேன். புக்மார்க்கில் முகவரிக்குப் பதில், டேப்பின் தலைப்பை என்னிடம் கேட்டு மாற்றும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்டைப் போட்டுவிட்டேன். அதைத் தட்டி வண்டி நம்பரின் கடைசி நான்கு எண்ணைக் கொடுத்தால் தலைப்பு அதுவாகிவிடும், அந்த எண்ணை வைத்தே தேடலாம். பக்கம் ரீலோடு ஆனால் பழைய தலைப்பு வந்துவிடும் என்பதால் இது தற்காலிக வைத்தியம்தான். தலைப்பை ஒழுங்காக வைப்பது தளத்தைக் கட்டுகிறவர்களின் வேலை. பக்கத்துக்குப் பக்கம் பில் நம்பரைத் தலைப்பில் போட்டாலே நாடு முழுக்க எத்தனையோ ஆபீஸ்களில் வேலை சுளுவாகும்.

இரண்டாவது, எழுத்துச் சிக்கல். எல்லைப்பகுதியில் இது தவிர்க்க முடியாதது. பார்ட்டிக்குத் தமிழில் ஏதாவது டைப் செய்துவிட்டுக் கீபோர்டைத் தமிழிலேயே விட்டிருந்தால், தேடல் பெட்டியிலும் தமிழ் எழுத்துதான் விழும், ஆங்கிலத் தலைப்பு எதுவும் அகப்படாது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் தட்டி மாற்றிக்கொண்டு மறுபடி அடிக்க வேண்டும். மலையாளச் செய்தித் தளத்தின் தலைப்பு மலையாளத்திலேயே இருக்கும். மலையாளம் பேசவும் வாசிக்கவும் தெரிந்த எங்களில் பலருக்கு அதை டைப் செய்ய வராது. அங்கே கைகொடுப்பது தளத்தின் பெயர், அது ஆங்கில எழுத்தில்தானே இருக்கிறது. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர் செங்கோட்டை. இரண்டு மொழியும் கலந்த ஸ்கிரீன் எங்களுக்குப் புதுசில்லை.

மெமரி சேவர் என்று குரோமில் ஒன்று இருப்பதையும் கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரம் தொடாத டேப்பை அது உறங்க வைத்துவிடும். தேடலில் அந்த டேப் வழக்கம்போல வரும், போய் நின்றால்தான் ரீலோடு ஆகும். பாதி நிரப்பிய ஃபாரம் இருக்கும் டேப்பைப் பொதுவாக அது விட்டுவைக்கும் என்றாலும், அதையே முழுக்க நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், எந்தெந்தத் தளங்களை உறங்க வைக்கக் கூடாது என்று சொல்லலாம். இ-வே பில், ஜி.எஸ்.டி., பேங்க் மூன்றையும் அதில் சேர்த்துவிடுவது நல்லது. இரண்டு கம்பெனி வேலையை இரண்டு குரோம் புரொஃபைலில் பிரித்து வைத்திருந்தால், ஒன்றில் தேடும்போது மற்றதன் டேப் வராது. எனக்கு இது வசதியாகவே இருக்கிறது. ஒரு பார்ட்டியின் கணக்கு இன்னொரு பார்ட்டியின் பட்டியலில் எட்டிப்பார்க்காது.

எட்டிப்பார்ப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியின் கீழ்ப்பகுதியில், சமீபத்தில் மூடிய டேப்களும் வரும். தவறி மூடிய டேப்பைத் திரும்ப எடுக்க அது உதவும். ஆனால் கவுண்டருக்கு எதிரே அண்ணாச்சிமார் உட்கார்ந்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆபீசில், அடுத்தவர் பில்லின் பெயர் அவர் கண்ணில் படலாம். அந்தப் பகுதியைச் சுருக்கி வைக்க ஒரு அம்புக்குறி இருக்கிறது. கவுண்டர் வைத்திருக்கிறவர்கள் முதல் நாளே அதைச் சுருக்கிவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருக்கிறவர்கள் கண்ட்ரோல்+ஷிப்ட்+ஏ தட்டினால் ஆட்-ஆன் பக்கம்தான் திறக்கும். அங்கே வழி வேறு: கண்ட்ரோல்+எல் தட்டி முகவரிப் பட்டைக்குப் போய், % குறியும் ஒரு ஸ்பேஸும் போட்டு, தேடவேண்டியதை அடிக்க வேண்டும். திறந்திருக்கும் டேப் மட்டும் வரும். ^ போட்டால் ஹிஸ்டரி, * போட்டால் புக்மார்க். குரோமின் முகவரிப் பட்டையிலும் @ அடித்தால் வரும் பட்டியலில் டேப்களைத் தேடும் வழி இருக்கிறது. பட்டையிலேயே வேலை செய்து பழகியவர்களுக்கு இவை போதும். போன் ஒரு கையில் இருக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஒவ்வொரு முறையும் ஷிப்டோடு ஒரு குறி, ஒரு ஸ்பேஸ் என்று நீளும். விவால்டி பிரவுசரில் எஃப்2 தட்டினால் இதே மாதிரி பெட்டி வரும், கீயையும் செட்டிங்ஸிலேயே நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். குரோம் செய்யாத வேலையை அது செய்கிறது.

டேப் தேட எக்ஸ்டென்ஷன்களும் நிறையக் கிடைக்கின்றன. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவற்றைப் போடவேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டேப்களைத் தேட வேண்டுமானால் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எல்லா டேப்பின் தலைப்பும் முகவரியும் தெரிந்தாக வேண்டும். நிறுவும்போது குரோமே உங்கள் பிரவுசிங் ஹிஸ்டரியை இது படிக்கும் என்று எச்சரிக்கும். பார்ட்டிகளின் ஜி.எஸ்.டி. கணக்கும் பேங்கும் திறந்திருக்கும் பிரவுசரில், யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு அந்த அனுமதியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பிரவுசரோடு வரும் தேடலும் ஒரு கீ மாற்றமும் அதே வேலையைச் செய்யும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ஆபீசுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு லாகின் பாஸ்வேர்டு கொடுக்கும் அன்றே ஆல்ட்+க்யூவையும் அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். டேப்பை இழுத்து வரிசைப்படுத்தாதே, திறந்தது திறந்தபடி கிடக்கட்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்பதுதான் நான் சொல்லிக்கொடுப்பது. இனி எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பவர்டாய்ஸ் இல்லாமல் குரோமின் செட்டிங்ஸிலேயே இந்தக் கீயை மாற்ற ஒரு வரி.